சுவரில் எழுதியதும் துடைத்ததும்

2022 மார்கழி. விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் காம்பவுண்டுச் சுவரில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கண்ணாடி போடாத கண். முதலில் பூனை என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் எழுத்து. என் மகளின் பெயர். பக்கத்தில் ஒரு இதயப் படம், அதில் ஒரு அம்பு, யாரோ ஒரு பையனின் இனிஷியல் மாதிரி ஒற்றை எழுத்து. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்தாவது படிக்கிற பெண்ணைப் பற்றி எழுதக்கூடிய வார்த்தை இல்லை அது. அவ்வளவு சொன்னால் போதும்.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். மார்கழி என்றால் நாலரை மணிக்கே தெருவில் நடமாட்டம் ஆரம்பித்துவிடும். வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பால்காரர், காலை டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் தெருதான் வழி. எனக்கு முன்னால் எத்தனை பேர் படித்துவிட்டுப் போனார்களோ என்று நினைத்தபோதே வயிறு கலங்கியது.

கோலமாவு டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு வாளித் தண்ணீர், சோப்புத்தூள், தேங்காய் நார் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். சுவரில் இருந்த சுண்ணாம்பு கரைந்து வழிந்ததே தவிர எழுத்து அசையவில்லை. வண்டிக்கு டச்சப் அடிக்கிறார்களே, அந்த ஸ்பிரே பெயின்ட் அது. மாமனார் காலத்து டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கிடந்தது. அதைத் துணியில் நனைத்துத் தேய்த்ததும் கறுப்பு கொஞ்சம் இளகியது. 'அப்பாடா' என்று இன்னும் அழுத்தித் துடைத்தால், இளகினது அத்தனையும் சுவருக்குள்ளே இறங்கி, ஒரு முழத்துக்கு இருந்த கறை இரண்டு முழமாகப் பரவிவிட்டது. நடுவில் எழுத்து மட்டும் முன்னைவிடத் தெளிவாக!

அந்த நேரத்தில் மாமியார் எழுந்து வந்தார்கள். பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. "பொங்கலுக்கு வாங்கி வச்ச சுண்ணாம்பு இருக்குல்ல, அதைக் கரைச்சு மேல அடிச்சு விடு. விடியறதுக்குள்ள ஆகட்டும்" என்றார்கள். அப்படியே செய்தேன்.

அடித்து முடிக்கும்போது மகள் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டாள். ஈரச் சுண்ணாம்புக்கு உள்ளே எழுத்து நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. (சுண்ணாம்பு காய்ந்தால்தானே வெளுக்கும்?) அவள் பெயரை அவள் படித்தாள். அப்புறம் கீழே இருந்ததையும் படித்தாள்.

நான் கேட்டேன், "யாருடி அவன்?"

சகோதரிகளே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் மட்டையும் வாளியுமாக, ராத்திரி பூராவும் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அரையாண்டுப் பரீட்சை. சாப்பிடாமல் போனாள்.

வெயில் ஏறி சுவர் காய்ந்த பிறகுதான் நான் செய்த இன்னொரு கூத்து தெரிந்தது. எங்கள் காம்பவுண்டுச் சுவர் 1988-ல் மாமனார் கட்டியது. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். வருஷக் கடைசியில் மழையும் புழுதியும் பட்டு பழுப்பேறி நிற்கும். அந்தப் பழுப்புச் சுவரில் நான் அடித்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் சதுரமாக, 'இங்கே ஏதோ இருந்தது' என்று தெருவுக்கே தண்டோரா போட்டது. நாலாம் நாள் அதுவும் பொருக்கு விட்டு உதிர ஆரம்பித்தது. பெயின்ட் மேலே சுண்ணாம்புக்குப் பிடிப்பு கிடையாதாம், அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? உதிர்ந்த இடத்தில் மகள் பெயரின் முதல் எழுத்து எட்டிப் பார்த்தது.

பொங்கலுக்கு முன்னால் இரண்டாவது முறையும் எழுதிவிட்டார்கள். இந்த முறை படம் கிடையாது, வார்த்தைதான். இவர் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே டியூஷன் கிடையாது. ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார். கோபக்காரர் இல்லை, பயந்த சுபாவம்தான். பயத்தில் சொன்னது. ஏப்ரலில் பொதுத்தேர்வு. கணக்கு டியூஷன் நின்றது. தோழிகளோடு நடந்து போய் வந்தது நின்றது. அவள் சிரித்துப் பேசுவதும் நின்றுபோனது. சுவரில் எழுதினது எவனோ, தண்டனை வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு. இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி இப்போது எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்து பெயின்டரைக் கூப்பிட்டேன். மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "அண்ணே, எத்தனை தடவை எழுதினாலும் அழிக்கிற மாதிரி ஒரு பெயின்ட் அடிச்சுக் குடுங்க" என்றேன். அவர் பதில் சொல்லாமல் குழாயடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் எடுத்து வந்து சுவரில் தெளித்தார். தண்ணீர் பட்ட இடம் உடனே கறுத்து, துளி காணாமல் போயிற்று.

"பாத்தியா தங்கச்சி? உன் சுவரு தண்ணியைக் குடிக்குது. தண்ணியைக் குடிக்கிற சுவரு மையையும் குடிக்கும், பெயின்டையும் குடிக்கும். குடிச்சதை வெளிய எடுக்க முடியாது. குடிக்காம பண்ணணும், அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான் விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் செய்து பார்க்கலாம். கையில் தண்ணீர் எடுத்து உங்கள் சுவரில் தெளியுங்கள். துளி துளியாக நின்று வழிந்தால் அந்தச் சுவரில் பிள்ளைகள் கிறுக்கினாலும் பயமில்லை. உடனே ஊறிவிட்டால், எந்தச் சோப்புப் போட்டாலும் கறை முழுக்கப் போகாது. சுண்ணாம்பும் சாதாரண டிஸ்டம்பரும் இந்த ரகம். ஈரத்துணி பட்டாலே டிஸ்டம்பர் மாவாகக் கையோடு வந்துவிடும். எமல்ஷன் கொஞ்சம் தேவலை. அதிலும் மினுமினுப்பு உள்ளது நன்றாகத் துடைக்க வரும், மினுமினுப்பு இல்லாதது கறையைப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருப்பார்களே, அழகுக்கென்றா நினைத்தீர்கள்? கை படுகிற உயரம், கால் படுகிற உயரம் அது.

அவர் பேசப் பேச எனக்கு என் அம்மாச்சி ஞாபகம் வந்தது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் அம்மாச்சி சமையல் வேலை பார்த்தார்கள். 1986 கோடை லீவில் என்னையும் கூடவே கூட்டிப் போவார்கள். எனக்கு ஏழு வயசு. அந்த வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். கிட்டே நின்றால் நம் உருவம் நிழலாடும். கன்னத்தை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்து வளவுச் சுவரில் ஒரு யானை போட்டுவிட்டேன். பெரிய யானை! போட்ட பிறகு பயத்தில் அழுகை வந்துவிட்டது. அம்மாச்சியோ திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். யானை போய்விட்டது.

செட்டிநாட்டுப் பூச்சு என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசுகிறார்களே, அதுதான். சுண்ணாம்பையே நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, படலம் படலமாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்களாம். எங்கள் காம்பவுண்டிலும் சுண்ணாம்புதான், அங்கேயும் சுண்ணாம்புதான். எங்களுடையது வாய் திறந்திருந்தது, அது வாய் மூடியிருந்தது. அந்தக் காலத்தில் முட்டையும் மெருகுக்கல்லும் செய்த வேலையை இந்தக் காலத்தில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். கைவேலைதான் குறைந்துபோயிற்று.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். கிறுக்கலை அழிக்க வசதியாகப் பூசுகிற மேல்பூச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெழுகு மாதிரி. சுவரின் மேல் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. யாராவது எழுதினால் வெந்நீரை வேகமாகப் பீய்ச்சி அந்தப் பூச்சையும் எழுத்தையும் சேர்த்தே கழுவி எடுத்துவிட்டு, மறுபடி புதிதாகப் பூசவேண்டும். எச்சில் இலை மாதிரி, ஒரு பந்திக்கு ஒன்று. வெளிநாடுகளில் பழைய கல் கட்டடங்களுக்கு இதைப் பூசுகிறார்கள். இரண்டாவது வகை நிரந்தரப் பூச்சு. பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகை. கெட்டியாகப் படலம் கட்டி நிற்கும். எழுதினால் எழுத்து மேலேயே நின்றுவிடும். துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் எழுத்து போகும், பூச்சு இருக்கும். அடுத்த முறைக்கும் அதே பூச்சு. எங்கள் பெயின்டர் ஒரு ஆஸ்பத்திரிச் சுவருக்கு இதை அடித்திருக்கிறார். இதையே அடிப்பது என்று தீர்மானித்தோம். ஒரு மாதத்து மளிகைச் செலவைவிடக் கூடுதலாகவே ஆயிற்று. சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தேன்.

வேலை ஒரு நாளில் முடிகிறதில்லை. முப்பது நாற்பது வருஷச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் சுண்ணாம்போடு சேர்ந்தே உரிந்து வரும். சுரண்டினார்கள். உடைந்த இடத்தில் சிமெண்ட் பூசினார்கள். புதுப் பூச்சு நன்றாகக் காய மூன்று நான்கு வாரம் விட்டோம். அப்புறம் பிரைமர், எமல்ஷன் இரண்டு கை. கடைசியாகத்தான் அந்த நிறமில்லாத மேல்பூச்சு. அதையும் எடுத்தவுடன் சுவர் பூராவும் அடித்துவிடவில்லை. ஒரு மூலையில் ஒரு முழம் அடித்து, அடியில் இருக்கிற பெயின்ட் சுருங்குகிறதா என்று இரண்டு நாள் பார்த்தார். சில சமயம் மேல்பூச்சின் வேகத்தில் கீழ்ப் பெயின்ட் சுருண்டுவிடுமாம்.

சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு அவர் மேல்பூச்சு அடிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அங்கே எங்களுக்கு எப்போதும் உப்புப் பொரியும். "தரையிலேர்ந்து ஈரம் ஏறுது தங்கச்சி. அது வெளிய போக வழி வேணும். நான் மூடிட்டேன்னா உள்ள நின்னு கொப்புளம் கொப்புளமாத் தூக்கிப்புடும்" என்றார். நான் முதலில் கேட்கவில்லை. "அங்கே எழுதினா?" என்று வாதாடினேன். "குனிஞ்சு உக்காந்து எழுதுறவன் எவன்?" என்றார். அதுவும் சரிதானே! பழைய சுண்ணாம்புக் கட்டடம், ஓதம் ஏறுகிற சுவர், இவற்றுக்கு இந்த மாதிரிக் கெட்டிப் பூச்சை அடித்துவிடாதீர்கள். கிறுக்கலுக்குப் பயந்து சுவரையே இழந்துவிடுவோம்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்காக இரண்டு சங்கதி சொல்லவேண்டும். சுவரோடு சேர்த்து இரும்பு கேட்டையும் சுரண்டிவிடலாம் என்று அவருடைய ஆள் உப்புத்தாளை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்க்க ஆரம்பித்தான். 1988-ல் அடித்த பச்சை எனாமல். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். அந்தத் தூசி குழந்தைகள் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 'இவ்வளவு போனால் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் அடித்தது எல்லாமே சந்தேகம்தான். அதனால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கச் சொன்னேன். கீழே பழைய பேப்பரை விரித்து, விழுந்ததை மடித்துக் கட்டி அப்புறப்படுத்தினோம். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்கிற பருவம். அவர்கள் வாசலையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பெயின்டர் சிரித்தார், "முப்பது வருஷமா இதைத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று, அந்த மேல்பூச்சு இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பூச்சு, இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்கவேண்டும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்று ஒரு ரசாயனம். அதன் ஆவி மூச்சுக்குழாய்க்கு ஆகவே ஆகாது, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். என் சின்னவனுக்கு வீசிங் உண்டு. அவனை லால்குடியில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கவிட்டேன். அடிப்பவர்களும் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதாது, அதற்கென்று இருக்கிற முகமூடி போடவேண்டும். வெளிச்சுவருக்கே இவ்வளவு என்றால் வீட்டுக்குள் இதை நினைத்தே பார்க்காதீர்கள்.

வீட்டுக்குள் பிள்ளைகள் கிறுக்குவதற்கு, கழுவக்கூடிய நல்ல எமல்ஷன் போதும். மூன்று வயதுக் குழந்தை எவ்வளவு உயரம் எட்டும்? அந்த உயரத்துக்கு மட்டும் மினுமினுப்பு உள்ளதாக அடித்துக்கொள்ளலாம். பென்சில் கிறுக்கல் ரப்பரிலேயே போகும். கிரேயான் மெழுகுதானே, ஈரத்துணியில் சமையல் சோடாவைத் தொட்டு மெல்லத் தேய்த்தால் வரும். பால்பாயின்ட் பேனாவுக்குப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட். எதையும் முதலில் கதவுக்குப் பின்னால், மறைவான இடத்தில் செய்து பாருங்கள். பளபளப்பு போய்விட்டால் கறையைவிட அது அசிங்கம். மார்க்கர் பேனா மட்டும் பொல்லாதது. மேலே நேராக எமல்ஷன் அடித்தாலும் மறுபடி ஊறிக்கொண்டு வெளியே வரும். கறையை அடைக்கிற எண்ணெய்ப் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்கவேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு பலகைக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிடுங்கள், அட்வான்ஸ் தப்பிக்கும். அப்புறம், கறை போகவில்லை என்ற ஆத்திரத்தில் பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். தின்னரையும் டர்பன்டைனையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைக்கு எது தண்ணீர் என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி கடைசியில் வேலை முடிந்தது. பெயின்டர் கூலி வாங்குவதற்கு முன்னால் சின்னவனைக் கூப்பிட்டு ஒரு மார்க்கரைக் கொடுத்து, "எழுதுடா ராஜா, இன்னிக்கு உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ, ஏரோப்ளேன், வகுப்பு டீச்சர் என்று வரைந்து தள்ளினான். துணியைத் தொட்டுத் துடைத்தார். அம்மாச்சி முந்தானையால் துடைத்த மாதிரியே போயிற்று. நான் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால், மகள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வரவில்லை.

அன்று ராத்திரி அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே, "இனிமே எவன் எழுதினாலும் அஞ்சு நிமிஷத்துல துடைச்சிடலாம்டி" என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அன்னைக்கு நீ, யாரு எழுதினான்னு கேக்கலம்மா. யாருடி அவன்னு கேட்ட. என்னைக் கேட்ட."

தோசைக்கல்லில் தோசை கருகியது. எனக்குப் பதில் வரவில்லை. "தப்புத்தான்" என்று மட்டும் சொன்னேன், அதுவும் அடுத்த தோசை ஊற்றின பிறகு. அவள் எழுந்து போகவில்லை. ரொம்ப நாள் கழித்து அன்றைக்கு நாலாவது தோசை கேட்டாள்.

மறுநாள் இவரிடம் டியூஷன் பேச்சை எடுத்தேன். எனக்குப் பெண்ணிடம் கிடைத்ததை அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள், "தெருமுனை வரைக்கும் மட்டும் வரேன்" என்றார்.

மார்ச் நடுவில் மூன்றாவது முறை எழுதினார்கள். அதே கறுப்பு ஸ்பிரே, அதே வார்த்தை. இந்த முறை நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. முதலில் எல்லோரையும் எழுப்பினேன். இவர் போனில் படம் எடுத்தார். இதை எல்லோரும் கவனிக்கவேண்டும். அழிக்கிற அவசரத்தில் நாம் ஆதாரத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். முதல் இரண்டு தடவை எழுதினதற்கு எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லாமல் போனது அதனால்தான். படத்தைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 என்ற இரண்டு நம்பரையும் அன்றைக்குத்தான் அடுப்படிக் காலண்டரில் எழுதி வைத்தேன். பொது இடத்துச் சுவரை அசிங்கப்படுத்தினால் தண்டிக்க 1959-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறதாம். ஆனால் இங்கே எங்களுக்குச் சுவரா பெரிது?

படம் எடுத்து முடிந்ததும் நான் டர்பன்டைன் டப்பாவைத் திறந்தேன். மகள் கையை நீட்டினாள். "நான் துடைக்கிறேன்." கையுறையைப் போட்டுவிட்டேன். முதலில் அந்த இரண்டு வார்த்தையைத் துடைத்தாள். பிறகு மேலே போய்த் தன் பெயரை. ஸ்பிரே புதிதாக இருந்ததால் லேசாகவே வந்தது. இரண்டு மூன்று நாள் காயவிட்டால் கொஞ்சம் மல்லுக்கட்டவேண்டும் என்று பெயின்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஒரு வளைவு மட்டும் போகாமல் நின்றது. அதற்கு மட்டும் துணி நுனியில் தின்னர் தொட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டாள். நான் கோலம் போட்டேன்.

எழுதினவன் யார் என்று கடைசி வரையில் தெரியவில்லை. அதற்கப்புறம் எழுதவும் இல்லை. புகார் கொடுத்த செய்தி தெருவில் பரவினதாலா, எழுதினது விடிவதற்குள் காணாமல் போனதில் அவனுக்கு அலுத்துவிட்டதா, சொல்லத் தெரியவில்லை. மகள் பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். இப்போது கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள்.

சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. சாய்ந்த வெயிலில் லேசாகப் பளபளக்கும். அது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எங்கள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு என்ன வீடு என்று வருஷா வருஷம் ஒரு பாட்டம் பாடுவார்கள். அடியில் அந்த ஒரு அடிக்கு மட்டும் நான் சுண்ணாம்பு அடித்துக் காவியும் இழுத்து அவர்களைச் சமாதானப்படுத்திவிடுகிறேன். வெயிலில் நிற்பதால் சில வருஷத்துக்கு ஒருமுறை மேல்பூச்சைப் புதுப்பிக்கவேண்டியிருக்கும் என்று பெயின்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு இப்போதே சீட்டில் தனியாக எடுத்து வைத்து வருகிறேன்.

நாங்கள் நினைக்காத ஒரு லாபமும் இருக்கிறது. எங்கள் தெருவில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எது என்றாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவார்கள். மற்றச் சுவர்களில் ஒட்டினது மழை வரும்வரைக்கும் போகாது. எங்கள் சுவரில் பசை காய்ந்ததும் ஓரம் தூக்கிக்கொண்டு, பத்து மணி வெயிலுக்கெல்லாம் முழுசாக உரிந்து விழுந்துவிடும். போன மாதம் யாரோ ஒரு பெரியவரின் அஞ்சலிப் போஸ்டர் அப்படித்தான் என் கோலத்தின் மேலேயே வந்து விழுந்தது. மாமியார் அதைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "அட, நம்ம மூணாவது வீதி நாட்டாமை! எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்று புடவையை மாற்றிக்கொண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள்.